டிஸ்ப்ளே வராமை: ஓர் ஆய்வு

ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, கேபினட்டுக்குள் விளக்கெல்லாம் எரிகிறது, மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்கிறது. கோவை காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் இதை ‘டிஸ்ப்ளே வரலீங்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டு சொல்லில் முடிகிற எதுவும் ஆய்வாகாது. அக்குறை இங்கே நீங்குகிறது.

ஆய்வுக்கு முதலில் இலக்கணம் வேண்டும். நன்னூல் செய்த பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தோடும், சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரை நிரம்பையோடும் சேர்த்துச் சொல்வது கொங்கு மரபு. இலக்கணமும் உரையும் விளைந்த மண்ணில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் இலக்கணமில்லாமல் பழுதாகிவிட முடியாது என்பது ஆய்வாளர் துணிபு. நன்னூல் கூறும் நூற்குற்றம் பத்து. அவற்றுள் பொருந்துவன கீழே வருகின்றன. பொருந்தாதவையும் பொருத்தப்படும்.

குன்றக் கூறல் என்பது மின்சாரம் போதாமை. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் போக வேண்டும். 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. வயரைச் செருக மறந்தோரும், கேபினட்டோடு கூடவே வந்த மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை நம்பினோரும் இவ்வகையினர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகே கோவையில் பஞ்சாலைகள் பெருகின என்பதையும் ஒப்புநோக்குக. எதற்காக என்று கேட்கலாகாது. ஒப்புநோக்காத ஆய்வேட்டை யார் மதிப்பார்?

சென்று தேய்ந்திறுதல்: தொடக்கத்தில் படம் வந்து, விண்டோஸ் வரும்போது மறைவது. டிரைவர் கோளாறு. சேஃப் மோடில் போய் நீக்குக.

நின்று பயனின்மை: கார்டு ஸ்லாட்டில் நிமிர்ந்து நிற்கும், ஃபேனும் சுற்றும், படம் வராது. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்னும் கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டுகளைக் கைகழுவியதும், ராப்பகலாக மைனிங் செய்து களைத்த கார்டுகள் செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு வந்தன. வாங்கியோரில் சிலர் இக்குற்றத்தைக் காசு கொடுத்துக் கற்றனர்.

மற்றொன்று விரித்தல்: இது கார்டின் குற்றமன்று, ஆய்வாளருடையது. அது இனி வருகிறது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில், டிஸ்ப்ளே அடாப்டர் கோளாறு என்றால் ஸ்பீக்கர் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் எழுப்பும். அவார்டு பயாஸ் போர்டுகளும் இவ்வழக்கைப் போற்றின. மெக்கானிக்குகள் இதற்குக் ‘கார்டக் கழட்டி மாட்டுங்’ என்று மட்டுமே பொருள் கொண்டனர். யாப்பு நோக்கில் அணுகியோர் இலர். நெடில் தனித்து வந்தால் நேரசை. குறில் இரண்டு இணைந்தால் நிரையசை. நேர் நிரை கூவிளம். ஆக, கிராபிக்ஸ் கார்டு அழுவது கூவிளச் சீரில். சில போர்டுகள் அதை விடாமல் திரும்பச் சொல்லும். கூறியது கூறல் குற்றமாயினும் தளை கருதி மன்னிக்கலாம்: விளம் முன் நேர் வந்து இயற்சீர் வெண்டளை அப்பழுக்கின்றி அமைகிறது. பதினான்கு கூவிளம் ஒலித்து, பதினைந்தாவதில் நெடில் முடிந்த கணமே பிளக்கைப் பிடுங்கினால், ஈற்றுச்சீர் ‘நாள்’ என்னும் வாய்பாட்டில் நின்று நாலடி வெண்பா நிறைவுறும். எதுகை மோனைக்குப் பஞ்சமே இல்லை. வெண்பாவுக்கு விளக்கம் சொல்லியே ஓய்வு பெற்ற சிலர் ஆயுளில் எழுதாத, தளை தட்டாத வெண்பா அது.

இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் ஸ்பீக்கர் வைப்பதில்லை. பலவற்றில் ‘விஜிஏ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு எரிந்து நிற்கும், அவ்வளவே. புதுக்கவிதை வந்துவிட்டது.

கார்டின் தங்கமுலாம் பூசிய முனையைத் துடைப்பதில் இரு பள்ளிகள் உண்டு. பென்சில் ரப்பரே தகும் என்பது முதற்பள்ளி (ரிப்பேர் ரசீது, மஞ்சள் படி, பின்பக்கம்). மையழிக்கும் சொரசொரப்பு ரப்பர் முலாமையே உரித்துவிடும் என்று அது எச்சரிப்பது சரியே. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே மேல் என்பது மறுதரப்பு (அதே ரசீது, ஓரக்குறிப்பு, வேறு கையெழுத்து, டீக்கறையின் அடியில் ஒரு சொல் சிதைந்துள்ளது, அது ‘துடைக்க’வா ‘துட்டுக்கு’வா என்பதில் பாடபேதம், கறை டீயல்ல, காப்பி என்பாரும் உளர்). வாயால் ஊதுவோரை, எச்சில் தெறிக்குமாதலால், இரு பள்ளியும் ஒதுக்கும்.

மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருத்தல் என்று ஒன்றும் உண்டு. கேபினட்டின் பின்பக்கம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது. ‘எஃப்’ என்று பெயர் முடிகிற இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதால், மேலே உள்ளதில் செருகினால் இருட்டுதான். கடைப் பையன் கேபினட்டைத் திருப்பியதும் சொல்வது, ‘கேபிள மாத்திச் சொருகியிருக்கீங்ணா’ என்பதே. இப்பகுதியைக் கடைசிக்குத் தள்ளும்படி நெறியாளர் பணித்தார். முதல் இயலிலேயே வைத்தால் மற்ற இயல்களுக்கு வேலை இராது என்பது அவர் கருத்து.