சின்னக் கோப்பு, பெரிய பசி

கேள்வி: கோப்பெல்லாம் சில கேபிதான். லாக் அனுப்பும் ஃபைல்பீட் மட்டும் ஏன் இவ்வளவு மெமரி தின்கிறது?

பதில்: நீங்கள் எடை பார்க்கிறீர்கள், அது தலையை எண்ணுகிறது. கோப்புக்கு ஒருவராகப் படிக்க ஆள் போட்டு, ஒவ்வொருவர் கையிலும் 16 கேபி பஃபரைக் கொடுத்துவிடுகிறது. 10,000 கோப்பு திறந்திருந்தால் அதற்கே சுமார் 160 எம்பி, உள்ளே இருப்பது ஒற்றை வரியானாலும் சரி. படித்து முடித்தும் 5 நிமிடம் நாற்காலியை விடமாட்டார் (நமக்குப் பழகிய காட்சிதான்!). ஒரே தடவை எழுதி முடிக்கப்படும் கோப்புகள் என்றால், கடைசி வரியைத் தொட்டதும் மூடச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள். இயல்பில் வரம்பே கிடையாது. ‘லாக் தாமதமாகுமே?’ ஆகும்தான். வரிசையில் நிற்கும் கோப்பை அதற்குள் யாராவது அழித்தால் போயே போச்சு. எனவே அழிப்பதைத் தள்ளிப்போடுங்கள். ‘ரேமைக் கூட்டினால் போதாதா?’ கோப்புகள் பெருகும் வரை போதும்.