மகிழ்ச்சி: மாலை 4.30 முதல் 5 வரை

பெண் தொழில்முனைவோர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "தினமும் அரை மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்க, மேடம்."

ஒதுக்கினேன். செல்போன் காலண்டரில் 4.30க்கு 'மகிழ்ச்சி'. முதல் நாள், 4.31க்கு அரவை மில்லிலிருந்து போன்: "அக்கா, மல்லி நமுத்துக் கிடக்கு. அரைச்சா அப்பிக்கும்." மறுநாள் கூரியர்காரர். மூன்றாம் நாள் நிஜமாகவே சும்மா உட்கார்ந்தேன். மாமியார் பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். (சாம்பார்பொடி விற்கிறவள் வீட்டில் அன்றும் தயிர்சாதம்தான்.)

20ஆம் தேதிக்குள் மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் (ஜிஎஸ்டிஆர்-3பி) போடாவிட்டால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். மகிழ்ச்சிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால்தான் அது தள்ளிக்கொண்டே போகிறது.

இந்த மாத ரிட்டர்ன் மட்டும் 18ஆம் தேதியே போட்டாயிற்று.