ஜெலட்டின் சபையின் ஆஸ்தான வித்துவான்கள்

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நம் முன்னோர் கணக்கை முடித்தது கொஞ்சம் அவசரந்தான். அமெரிக்க தேசத்தில் தழைத்தோங்கும் அறுபத்தைந்தாவது கலையை அவர்கள் கண்டிருந்தால் பட்டியலின் முதலிடத்தையே ஒழித்துக் கொடுத்திருப்பார்கள். தற்காப்புக்கென்று விற்கப்படும் கைத்துப்பாக்கித் தோட்டா மனித உடலுக்குள் எவ்வளவு தூரம் போகும், போன இடத்தில் எவ்வளவு அகலமாகும் என்று அளந்து தரம் சொல்லும் திருத்தொண்டு அது. அத்துறைப் பெரியோரைப் போற்ற ஆதிசேஷனின் ஆயிரம் நாவும் போதா. அடியேனிடம் இருப்பதோ ஒன்று.

இக்கலையின் ஆதிகுருமார் இருவர். பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஆட்சியை ஏற்காத மோரோ வீரர்கள், .38 தோட்டா பட்ட பிறகும் விழாமல் ஓடிவந்தார்கள். இந்த மரியாதைக் குறைவைப் பொறுக்காத அமெரிக்க இராணுவம், ஜான் தாம்ஸன் என்ற ஆயுதத் துறை அதிகாரியையும் லூயி லகார்ட் என்ற மருத்துவரையும் 1904ல் சிகாகோவின் இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பியது. உயிருள்ள மாடுகளையும் உயிர்போன மனிதர்களையும் ஏற்றத்தாழ்வு பாராமல் சுட்டார்கள். தொங்கவிட்ட பிணம் எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணாலேயே கணித்த நுட்பம் என்ன! பத்துக் குண்டு வாங்கியும் விழ மறுத்த மாடுகளைச் சம்மட்டியால் அடித்துச் சாய்த்த ஜீவகாருண்யம் என்ன! இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் சிபாரிசு செய்தது சம்மட்டியை அல்ல, .45க்குக் குறையாத தோட்டாவை. அறிவியல் என்றால் அது.

அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1899ல், ஹேக் நகரில் கூடிய அரசுகள் உடலுக்குள் போய் விரியும் தோட்டாவைப் போரில் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்திருந்தன. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் பிறந்து அவ்வூரின் புகழை உலகெங்கும் பரப்பிய தோட்டாவை மனத்தில் வைத்துத்தான் அந்தத் தடை. நாகரிக தேசத்துச் சிப்பாய் ஒரு குண்டிலே ஒதுங்கிவிடுவான், காட்டுமனிதன் ஒதுங்கமாட்டான் என்று பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா அங்கே நமக்காக வாதாடிய கருணையை, நாம் ஏழேழு பிறவிக்கும் மறக்கலாகாது. தடை போர்க்களத்தோடு நின்றதும் நம் பாக்கியமே. அந்நியப் படைவீரனின் உடம்பில் விரியக் கூடாத குழிமூக்குத் தோட்டா, சொந்தக் குடிமகனின் உடம்பில் தாராளமாக விரியலாம். பகைவனுக்கு மறுத்ததை வீட்டுக்காரனுக்கு எடுத்துவைக்கும் இந்த விருந்தோம்பலை வேறெங்கே காண்போம்?

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில், எஃப்.பி.ஐ.யின் 9 மி.மீ. தோட்டா ஒன்று கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. அவன் மேலும் சுட்டான்; இரண்டு அதிகாரிகள் மாண்டார்கள், ஐவர் காயமுற்றார்கள். அற்ப புத்திக்காரர்கள், ஒரு கொள்ளையன் கைக்கு ரைஃபிள் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு காலத்தை வீணாக்கியிருப்பார்கள். பெருமக்களோ அந்த ஓர் அங்குலத்தைத் தலைமேல் தாங்கி ஒரு சாஸ்திரமே படைத்தார்கள்.

அதுவே ஜெலட்டின் சாஸ்திரம். பன்றித்தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினைப் பத்து விழுக்காட்டுக் கரைசலாக்கி, குளிர வைத்து, முதலில் ஒரு பொடி எஃகுக் குண்டை நொடிக்கு 590 அடி வேகத்தில் செலுத்துவார்கள். அது சுமார் எட்டரை சென்டிமீட்டர் புகுந்தால் கட்டி தேறியது. மைசூர்பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கும் தவசிப்பிள்ளையும் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். பிறகு கட்டிக்கு முன்னால் தடித்த துணி, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, எஃகுத் தகடு, கார்க் கண்ணாடி என்று மாற்றி மாற்றி நிறுத்திச் சுடுவார்கள். 12 அங்குலத்துக்குள் நின்றால் கோழைத் தோட்டா. 18ஐத் தாண்டினால் அதிகப்பிரசங்கி. நடுவே அடக்கமாக நின்று இதழ் விரித்ததை வெளியே எடுத்து, விட்டம் பார்த்து, எடை பார்த்து, நாலு கோணத்தில் படம் பிடித்து மகிழ்வார்கள். அந்தக் கட்டியும் லேசுப்பட்ட பிறவியா? எலும்பு கிடையாது, இரத்தம் கிடையாது, பெயர் கிடையாது, ஆஸ்பத்திரி வாசலில் அழுது நிற்கத் தாய் கிடையாது. மனித உடம்பின் குறைகளையெல்லாம் களைந்த உடம்பு.

இதயமே சிதைந்தாலும் மூளையில் மிஞ்சிய பிராணவாயுவைக் கொண்டு ஒருவன் 10 முதல் 15 விநாடி இயங்க முடியும் என்று எஃப்.பி.ஐ.யின் 1989ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. அதற்காக அங்குலக் கணக்கை நிறுத்திவிடாத மனவுறுதியை மெச்ச வேண்டும். 9 மி.மீ. போதாதென்று 10 மி.மீ.க்கு ஏறினார்கள், அது உதைக்கிறதென்று .40க்கு இறங்கினார்கள், ஏறத்தாழ முப்பது ஆண்டு தவத்துக்குப் பின் 9 மி.மீ.யே உத்தமம் என்று புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆயுத வியாபாரிகளின் குலம் வாழ்ந்தது.

ஒரே குண்டில் ஆளை நிறுத்திய விழுக்காட்டை 1992ல் புத்தகமாகவே போட்ட மார்ஷல், சனோ இருவரின் கணித மேதைமை நம் ராமானுஜனுக்கும் வாய்க்காதது. ஒன்றுக்கு மேல் குண்டு பட்ட சம்பவத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. முதல் குண்டுக்கு நிற்காமல் இரண்டாவதையும் வாங்கிக்கொண்ட பிடிவாதக்காரன் கணக்குக்கு வெளியே போய்விடுகிறான்; உள்ளே விழுக்காடு தொண்ணூறைத் தாண்டிப் பொலிகிறது.

பெயர் சூட்டுவதில் இத்துறையினர் கவிராயர்கள். பொற்பொட்டு என்று பொருள்படும் கோல்டு டாட், பொன்வாள் என்று பொருள்படும் கோல்டன் சேபர். வின்செஸ்டர் கம்பெனி 1991ல் ஈன்ற செல்லக் குழந்தைக்கு, வல்லூற்றின் கருநகம் போல விளங்கட்டும் என்று பிளாக் டேலன் என்றே நாமகரணம் செய்தார்கள். விரிந்தால் ஆறு நகம் நீளும். 1993ல் சான்பிரான்சிஸ்கோ அலுவலகக் கட்டடத்தில் எட்டுப் பேரைக் கொன்றவனிடமும் அது இருந்ததால் கூக்குரல் எழுந்தது. உடனே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். பின்னால் அதன் வாரிசு ரேஞ்சர் எஸ்.எக்ஸ்.டி. என்று சாதுவான பெயரில் வந்தது. பெயரைத் திருத்திய வேகத்தைக் குணத்தைத் திருத்துவதில் காட்டாத நிதானம் பெரியோருக்கே உரியது.

2021ல் அமெரிக்காவில் துப்பாக்கிக்கு இரையானவர்கள் 48,000 பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அந்த அறைகளில் கொள்ளையன் இல்லை, கார்க் கண்ணாடி இல்லை, சுவர்ப்பலகை குறுக்கே நிற்கவில்லை. அதற்கென்று ஒரு வரி ஒதுக்கி அட்டவணையின் அழகைக் குலைக்காத பெருமக்களின் இங்கிதமே இங்கிதம். தோட்டா போன தூரத்தைப் பத்தில் ஒரு அங்குலம் பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் அழையாத வீட்டின் வாசற்படியை மிதிக்கமாட்டார்கள்.