பெயரெச்சம், வினையெச்சம், தோளெச்சம்: டிபி கத்தரிப்பியலுக்கு ஒரு முன்னுரை

வாட்ஸ்அப் முதலான செயலிகளில் ஒருவர் தம் பெயருக்கு அருகே இட்டு வைக்கும் சிறு படம் பேச்சுவழக்கில் டிபி என்றும் ஏட்டுவழக்கில் முகப்புப் படம் என்றும் வழங்கப்பெறும். கைவசமுள்ள பெரிய படத்திலிருந்து அதற்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுப்பது கத்தரித்தல் எனப்படும். வெட்டியதையோ, வெட்ட மனம் வராததையோ செயலி கேட்கும் அளவுக்குக் கொண்டுவருவது அளவுமாற்றம் எனப்படும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே கருவியாக, பெரும்பாலும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி செய்யப்படுவதால், இவ்விரு தொழில்களும் இதுகாறும் ஆய்வுலகின் கண்ணில் படாமல் போயின. டிபியில் ஒருவர் எதைக் காட்ட விரும்பினார் என்பதைக் காட்டிலும், எதை வெட்ட முயன்று வெட்ட இயலாமல் விட்டார் என்பதே அவரைப் பற்றியும் அவர் சுற்றத்தைப் பற்றியும் மிகுதியாகச் சொல்லும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சிக்கலின் வேர் வடிவியலில் இருக்கிறது. கைபேசிக் கேமரா எடுப்பது நீள்சதுரம். செயலி கேட்பது சதுரம். உலகத்தார் பார்ப்பதோ வட்டம். ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய வட்டம் அதன் பரப்பில் ஏறத்தாழ 78.5 விழுக்காட்டையே கொள்ளுமாதலால், எஞ்சிய 21.5 விழுக்காடு நான்கு மூலைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டு மறைந்துபோகும். 3:4 விகிதத்தில் எடுத்த நெடும்படத்தில் சதுரம் வெட்டும்போதே கால்பங்கு கழிந்துவிடுவதால், வட்டத்துக்குள் வந்து சேர்வது முதற்படத்தில் 59 விழுக்காடுதான். ஐந்தில் இரண்டு பங்கு சேதாரம் என்பது நகைக்கடையில்கூட வாய்விட்டுக் கேட்க முடியாத அளவாகும்.

படத்தைத் திறந்ததும் செயலி தானாகவே நடுவில் ஒரு சதுரத்தை வைத்துக் காட்டும். அதை நகர்த்தலாம் என அறியாதோரும், அறிந்தும் பொறுமையில்லாதோரும் அப்படியே ‘சரி’ கொடுத்துவிடுவதை நடுவண் நெறி என்று பெயரிடலாம். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த முழுவுயரப் படத்துக்கு இந்நெறியைப் பயன்படுத்தினால், மார்பு முதல் முழங்கால் வரையுள்ள பகுதி மட்டும் எஞ்சுமாதலால், பணிநிறைவு பெற்ற பெரியவர்கள் சிலர் ஒரு வெள்ளைச் சட்டைப்பையாகவும் அதில் செருகிய இரண்டு பேனாக்களாகவும் ஆண்டுக்கணக்கில் காட்சியளிக்கின்றனர். அடையாளம் காண்பதில் உறவினர்க்கு இடர்ப்பாடு நேர்வதில்லை என்பதால் இதனைக் குறை என்று கொள்ளவும் இடமில்லை.

இனி, வட்டத்துள் எதை வைப்பது என்பதில் இரு கொள்கையினர் உளர். தலைமட்டும் போதும் என்பாரைச் சிரக் கொள்கையினர் என்றும், செருப்பு உட்பட எல்லாம் தெரிய வேண்டும் என்பாரை முழுவுருக் கொள்கையினர் என்றும் குறிக்கலாம். இப்பூசல் பழமையானது. கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் கிடைத்துள்ள அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானியக் காசுகளின் முன்புறத்தில் பேரரசரின் தலையே வட்டத்தை நிறைத்து நிற்கிறது. மாறாக, முதலாம் இராசராசனின் காசில் ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் முழுமையாக இடம்பெற, முகம் ஒரு புள்ளியளவாகச் சுருங்கிவிடுகிறது. பட்டுவேட்டிக்குக் கொடுத்த விலை முழுதும் டிபியில் தெரிய வேண்டும் என்று கருதும் இன்றைய மாப்பிள்ளைகள் இவ்வகையில் சோழ மரபினர் ஆவர்.

முழுவுருக் கொள்கையின் விலையைக் கணக்கிடுவது எளிது. 9:16 விகித நெடும்படம் மூலை கழியாமல் வட்டத்துள் அடங்க வேண்டுமெனில், அதன் உயரம் விட்டத்தில் 87 விழுக்காட்டைத் தாண்டலாகாது. உரையாடல் பட்டியலில் வட்டத்தின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் படத்தின் உயரம் 7 மில்லிமீட்டர். சிற்ப நூலார் கூறும் நவதாள அளவின்படி, அதாவது உடலின் உயரம் முகநீளத்தைப் போல ஒன்பது மடங்கு என்ற கணக்கின்படி, மாப்பிள்ளையின் முகம் ஒரு மில்லிமீட்டரும் தேறாது. கடுகினும் சிறிதான அம்முகத்துக்கு முன்னதாக ஃபில்டர் போட்டு நிறம் கூட்டப்பட்டிருக்கும் என்பது தனியே நோக்கத்தக்கது. படத்தைச் சுருக்கி, வெற்றிடமாகும் இருபக்கத்தையும் அதே படத்தின் மங்கலான பெரிய வடிவத்தால் நிரப்பித் தரும் ‘நோ க்ராப்’ செயலிகள் இக்கொள்கையினர்க்காகவே தோன்றியவை. அவற்றின் பயனாக ஒரே மனிதர் தம் பூதாகாரமான நிழலுக்கு நடுவே தாமே நிற்கும் காட்சி கிட்டுகிறது.

சிரக் கொள்கையினரின் இடர் வேறு. தனியே எடுத்த நல்ல படம் என்று ஒன்று அவர்களிடம் இருப்பதில்லை. ஒருவர் உண்மையிலேயே நன்றாக விழுந்த படம் எப்போதும் பிறர் கல்யாணத்தில், ஏழெட்டுப் பேரோடு எடுத்ததாகவே இருக்கும். 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட அத்தகைய படத்தில் ஒரு முகம் 400க்கு 400 புள்ளி எனில், அது முழுப்படத்தில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு. அப்படம் வாட்ஸ்அப் வழியாகவே வந்திருந்தால், வழக்கமான தரத்தில் நீண்ட பக்கம் 1600 புள்ளியளவுக்குக் குறைக்கப்பட்டிருக்குமாதலால், முகம் 160 புள்ளியாகச் சுருங்கிவிடும். செயலியோ பக்கத்துக்கு 192 புள்ளியேனும் இல்லாத டிபியை ஏற்பதில்லை. ஆகவே முகத்தை மட்டும் கொண்டு வருபவர் வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்டு, வேறு வழியின்றி எல்லையை அகட்ட, அகட்டிய இடத்தில் அடுத்தவரின் தோள் வந்து புகுந்துவிடுகிறது. ‘இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க’ என்று போட்டோகிராபர் அன்று மும்முறை கூறியதன் முழு விளைவு இப்போதுதான் தெரியவரும்.

இவ்வாறு உரியவர் நீக்கப்பட்ட பின்னும் எஞ்சி நிற்கும் பிறர் உறுப்பு தோளெச்சம் ஆகும். வளையல் தெரிந்தால் கையெச்சம் என்றும், முந்தானை மட்டும் தெரிந்தால் பட்டெச்சம் என்றும் உட்பிரிவு கூறுவாரும் உளர். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தேர்களின் விளிம்பில் வரிசையாக அமைந்த கூடுகள் என்னும் லாட வடிவ வளைவுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு முகம் எட்டிப்பார்ப்பதையும், அம்முகங்களின் ஓரத்தில் யாருடைய தோளும் ஒட்டியிராமையையும் ஒப்பிட்டு நோக்குக. பல்லவச் சிற்பிக்குக் குரூப் போட்டோவிலிருந்து முகம் எடுக்க வேண்டிய நிலை வரவில்லை.

தோளெச்சம் ஊமையன்று. வட்டத்தின் இடது விளிம்பில், நகத்தளவு இடத்தில், மயில்கழுத்து நிறப் பட்டும் இரண்டு விரற்கடை அரக்கு பார்டரும் தெரிகின்றன என்று கொள்வோம். பார்ப்போர் அனைவர்க்கும் அது வெறும் நிறம். அதை உடுத்தியிருந்த அத்தைக்கோ அது தீர்ப்பு. ‘அது என் புடவைதானே? என்னை மட்டும் வெட்டிட்டு பார்டரை ஏன்டா வெச்சே?’ என்று குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்க எழும் வினாவுக்கு, 192 புள்ளி வரம்பை விடையாகக் கூறித் தப்பியவர் எவரும் இலர். தோள்மேல் கிடக்கும் உடலற்ற கை இதனினும் கொடிது; அதன் விரலிலுள்ள மோதிரம் யார் போட்டது என்பது வரை வழக்கு நீளும். சிலர் இதற்கு அஞ்சி எச்சத்தின்மீது ஒரு பூ ஸ்டிக்கரை ஒட்டிவிடுவர். அப்பூவுக்குப் பின்னால் யார் என்பதே அன்றைய ஆராய்ச்சியாகிவிடுமாதலால், அறிந்தோர் இம்முறையைப் பரிந்துரைப்பதில்லை.

குடும்பக் குழுவுக்கே டிபி வைக்கும்போது கத்தரிப்பியல் ஆட்சியியலாக மாறுகிறது. தாத்தாவும் பாட்டியும் நடுவே நாற்காலியில், மகன்கள் பின்னால், பேரப்பிள்ளைகள் தரையில், தாமதமாக வந்தோரும் பேச்சுவார்த்தை குறைந்தோரும் ஓரத்தில் என நிற்கும் அப்படத்தை வட்டமாக்கினால், முன்னரே ஓரங்கட்டப்பட்டோரே மறுபடியும் மறைவர். கணிதம் செய்ததை உள்நோக்கம் என்று கொள்ளும் சித்தப்பா குழுவிலிருந்து வெளியேற, சமாதானம் பேசி அவரை மீளச் சேர்த்த பின், அட்மின் பொறுப்பிலிருக்கும் மருமகன் அப்படத்தையே நீக்கிவிட்டு, எத்தரப்பும் குறைகூற இயலாத பிள்ளையார் படம் ஒன்றை இடுவதே பெருவழக்கு. அப்படத்தில் வலப்புற அடிமூலையில் அமர்ந்திருக்கும் மூஞ்சூறு மேற்சொன்ன 21.5 விழுக்காட்டில் சிக்கி வாலும் காதும் இழந்துவிடுகிறது. அதன் சார்பில் இதுவரை எம்முறையீடும் வந்ததாகத் தெரியவில்லை.