இரைப்பைக்குப் பல் உண்டா, மாமா?

முள்ளிக்குளம் மாமா பதில்கள். இந்தமுறை வயிறு சம்பந்தமான கேள்விகள் மட்டும்.

தரம் 5 மாணவன், முள்ளிக்குளம்: தலைகீழாக நின்று பாண் சாப்பிட்டால் அது எங்கே போகும்?

இரைப்பைக்குத்தான். தொண்டைக்குக் கீழே சுமார் 25 சென்ரிமீற்றர் நீளத்தில் களம் என்றொரு குழாய் இருக்கிறது. உணவுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அது தள்ளிக்கொண்டே போகும். பத்து விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். விண்வெளியில் மிதக்கிறவர்களுக்கும் சாப்பாடு இப்படித்தான் இறங்குகிறது. நீ செய்து பார்க்க வேண்டாம். புரையேறினால் அம்மாவின் அகப்பைக்கு விஞ்ஞானம் தெரியாது.

தரம் 7 மாணவி, சிலாவத்துறை: “மென்று சாப்பிடு, மென்று சாப்பிடு” என்று வீட்டில் ஓயாத பேச்சு. ஏன்?

உன் இரைப்பைக்குப் பல் இல்லை, அதனால்தான். நண்டுக்கு இருக்கிறது. இரைப்பைக்குள்ளேயே மூன்று பல்லை வைத்து அரைத்துக்கொள்ளும். அதற்கு யாரும் புத்திமதி சொல்வதில்லை.

ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இரு. கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் உள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெட்டிச் சீனியாக்குகிற இனிப்பு அது. சமிபாடு வாயிலேயே தொடங்கிவிடுகிறது. விழுங்கியபின் நடக்கிற எதற்கும் உன்னிடம் உத்தரவு கேட்கமாட்டார்கள். மெல்லுவது ஒன்றுதான் உன் அதிகாரம். அதையும் ரீவி பார்த்தபடி விட்டுக்கொடுக்கிறாய்.

தரம் 4 மாணவன், கொண்டச்சி: பபிள்கம்மை விழுங்கினால் வயிற்றில் ஏழு வருடம் ஒட்டியிருக்குமாமே?

சில நாளில் மற்றவற்றோடு வெளியே வந்துவிடும். ஏழு வருடம் ஒட்டியிருப்பது உன் வகுப்பு மேசைக்கு அடியில்.

தரம் 8 மாணவி, அரிப்பு: இரைப்பையில் அமிலம் இருக்கிறது. இறைச்சியைக் கரைக்கிறது. இரைப்பையும் இறைச்சிதானே, அது ஏன் கரைவதில்லை?

கெட்டிக்காரி. பாபத் கறி சாப்பிடும்போது மாட்டின் இரைப்பையை உன் இரைப்பை கரைக்கிறது, தன்னை மட்டும் விட்டுவிடுகிறது. உட்சுவரில் தடிப்பாகச் சீதம் பூசியிருக்கிறது. அமிலம் அதைத் தாண்டிப்போவது கடினம். அப்படியும் தேயும் மேற்கலங்களுக்குப் பதிலாகச் சில நாட்களுக்குள் புதியவை வந்துவிடும். போன வாரம் நீ அச்சாறு போட்டு வதைத்த சுவர் இப்போது அங்கே இல்லை. வழக்குப் போட ஆள் கிடையாது.

ஒரு தகப்பன், நானாட்டான்: எனக்கு அல்சர். பிள்ளைகள் கோபமூட்டுவதால்தான் என்கிறேன். சரிதானே?

பிள்ளைகளுக்கு விடுதலை. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபக்ரர் பைலோரி என்ற பற்றீரியா, அல்லது வருடக்கணக்காக விழுங்கும் நோக்குளிசை. இதை யாரும் நம்பாததால் பரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் 1984இல் அந்தப் பற்றீரியாவை ஒரு கோப்பை குடித்துவிட்டு, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியுமாகக் கிடந்தார். 2005இல் ரொபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். கோபத்துக்கு இதுவரை பரிசு கிடைக்கவில்லை.

தரம் 9 மாணவன், பேசாலை: ஸ்கேன் இல்லாத காலத்தில் இரைப்பைக்குள் நடப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஓட்டை வழியாக. பகிடி இல்லை ராசா. 1822 ஜூனில் அமெரிக்காவின் மக்கினோ தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞனின் வயிற்றில் தவறுதலாகத் துவக்கு வெடித்தது. இராணுவ வைத்தியர் வில்லியம் போமன்ட், இவன் பிழைக்கமாட்டான் என்று நினைத்தபடியே மருந்து கட்டினார். அவன் பிழைத்தான், ஆனால் இரைப்பைக்குப் போன துளை மூடவில்லை.

வைத்தியருக்கு யோகம். இறைச்சி, பாண், கோவா எல்லாவற்றையும் பட்டுநூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்குவார், மணிக்கணக்குப் பார்த்து இழுத்தெடுப்பார். இப்படி 200க்கு மேற்பட்ட பரிசோதனை செய்து 1833இல் புத்தகம் போட்டார். இரைப்பை அரைப்பதோடு நிற்பதில்லை, திராவகத்தால் கரைக்கிறது என்பது அதில் உறுதியாயிற்று. கோபம் வந்தால் சமிபாடு குழம்பும் என்றும் எழுதினார். வயிற்றில் நூல் விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

வைத்தியர் 1853இல் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து இறந்தார். வயிற்றில் ஓட்டையோடு இருந்தவன் 1880 வரைக்கும் இருந்தான்.

தரம் 6 மாணவி, முருங்கன்: கணித பாடத்தில் வயிறு கடமுட என்று சத்தம் போடுகிறது. வெட்கமாக இருக்கிறது.

வெறும் வயிறு ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுருங்கி, மிச்சம் மீதியைப் பெருங்குடல் பக்கமாகக் கூட்டித் தள்ளுகிறது. அந்த வகுப்பில் அந்த நேரம் வேலை செய்தது உன் வயிறாவது.

தரம் 7 மாணவன், தலைமன்னார்: கடலட்டையைத் தூக்கினால் குடலைக் கக்குகிறதே, செத்துப்போகாதா?

சாகாது. எதிரி பயந்தோ மயங்கியோ நிற்கும்போது அது நழுவப் பார்க்கும். சில இனங்கள் பிசுபிசுத்த வெள்ளை நூலை வீசும், சில இனங்கள் உள்ளுறுப்பையே கழற்றி எறியும். சில கிழமையில் புதுக்குடல் முளைத்துவிடும். மூச்சுவிடுவதும் பின்வாசலால்தான். அதே வாசலால் ஒரு மெல்லிய மீன் நுழைந்து உள்ளே குடியிருக்கும். வாடகை கிடையாது. சில மீன் வீட்டுக்காரனின் உள்ளுறுப்பையே கடித்துத் தின்னும். இனி உன் வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் குறை சொல்லாதே.

தரம் 5 மாணவி, மன்னார்: எங்கள் தெருக் கழுதை கடதாசி தின்கிறது. நாங்கள் தின்றால்?

உள்ளே போனபடியே வெளியே வரும். கடதாசியில் உள்ள செலுலோசை வெட்டும் நொதியம் நமக்கில்லை. கழுதைக்கும் இல்லைதான், ஆனால் அதன் பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதற்காக உழைக்கின்றன. நம் கடலில் அறுகு மேயும் கடற்பன்றிக்கும் அதே ஏற்பாடுதான். அதன் பெருங்குடல் மட்டும் 25 மீற்றர் வரை நீளும், உன்னுடையதோ ஒன்றரை மீற்றர். வீட்டுப்பாடக் கொப்பியைக் கழுதை தின்றுவிட்டது என்று ரீச்சரிடம் சொல்ல மன்னாரில் மட்டுமே முடியும். அளவோடு பயன்படுத்து.

தரம் 10 மாணவன், வங்காலை: கேட்கக் கூச்சம். அது ஏன் கபில நிறம்?

நான்கு மாதம் உழைத்து ஓய்ந்த செங்குருதிக்கலங்களின் சாயம் அது. ஈரல் அதைப் பித்தத்தில் கலந்து குடலுக்கு அனுப்ப, பற்றீரியாக்கள் கபிலமாக்குகின்றன. உங்கள் ஊருக்கு வரும் பூநாரை, தின்ற சாயத்தை இறகில் பூசிக்கொள்கிறது. நாம் கக்கூசில் விடுகிறோம். அழகு அவரவர் தெரிவு.

தரம் 11 மாணவி, முசலி: சிறுகுடலை விரித்தால் ரெனிஸ் மைதானம் அளவு வருமாமே?

அது பழைய கதை. நீளம் ஆறு மீற்றர் போல. உள்ளே இலட்சக்கணக்கில் சடைமுளைகள், சத்தை உறிஞ்ச. 2014இல் சுவீடனில் இருவர் மீண்டும் அளந்து, முழுக் குடலையும் சேர்த்தே 32 சதுர மீற்றர்தான், பட்மின்டன் மைதானத்தில் பாதி என்றார்கள். அளக்க அளக்கக் காணி குறைவது நமக்குப் புதிதா?

தரம் 10 மாணவி, முள்ளிக்குளம்: உள்ளே போனது வெளியே வர எவ்வளவு காலம்?

இரைப்பையில் இரண்டிலிருந்து நான்கு மணித்தியாலம், எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று நாள். நம் ஊர்க் கணக்கு வேறு. 2007இல் ஊர் முழுவதும் கடற்படை முகாமுக்கு உள்ளே போனது. காணியைக் கேட்டுச் சனம் முகாம் வாசலில் நாள்கணக்காகக் குந்தியிருந்தபின், 2017 ஏப்ரலில் 100 ஏக்கரை விடுவதாகக் கடற்படை சொன்னது. மனிதக் குடல் இப்படி இருந்தால் வைத்தியர் கத்தியை எடுத்திருப்பார்.

ஒரு தாய், முள்ளிக்குளம்: பிள்ளைக்கு வயிற்றோட்டம். சோடா கேட்டு அழுகிறான். கொடுக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி, சோடாவில் சீனி கூட, உப்புக் குறைவு. ஜீவனி பக்கற்றைச் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்குச் சீனி ஆறு மட்டத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பும் சீனியும் சோடியாக வந்தால்தான் சிறுகுடல் கதவைத் திறக்கும். பின்னாலேயே தண்ணீர் போகும்.

1971இல் வங்காள எல்லையில், பொங்கான் அகதி முகாமில் கொலரா. சேலைன் தீர்ந்துவிட்டது. திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் சீனியும் கலந்த நீரைப் பீப்பாயில் நிரப்பி, சொந்தக்காரரிடமே கொடுத்துப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, இரத்தம் போனாலோ என் பதிலை வாசித்துக்கொண்டு இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு தாத்தா, அரிப்பு: பல் முழுவதும் போய்விட்டது. ஒடியல் கூழ் குடிக்கலாமா?

தாராளமாகக் குடியுங்கள் ஐயா. பல் வேண்டியது அதில் கிடக்கும் நண்டுக்குத்தான். அதை இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.