க்யூவின் பிடி: வாசகர் கேள்வி-பதில்

● என் பூல் க்யூவில் கை பிடிக்கும் இடத்து நூல் கறுத்துவிட்டது. பிசிறும் அடிக்கிறது. பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிவிடட்டுமா? (கோவை)

பொறுங்கள். கறுப்பு வெறும் அழுக்கு. பிசிறு மேலோட்டமான தேய்மானம். இரண்டுக்கும் பிளேடு தேவையில்லை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சொட்டுக்கூட விழாதபடி பிழிந்து, நூல் ஓடும் திசையிலேயே துடையுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் பிசிறு கூடும். துணி கறுக்கக் கறுக்கப் பக்கத்தை மாற்றுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே எஃகுக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் எழும்பி நிற்கும் இழைகள் படிந்துவிடும். பிறகு ஓர் இரவு நிழலில் உலரட்டும். மாற்றியே தீரவேண்டும் என்று நினைக்கப்படும் கிரிப்புகள் பலவும் இந்தத் துடைப்பிலேயே தேறிவிடுகின்றன. நூல் அறுந்திருந்தால், சுற்றுகள் விலகி மரம் தெரிந்தால், அப்போது மாற்றுங்கள்.

● பிசிறை லைட்டரால் பொசுக்கிவிடலாம் என்கிறான் நண்பன். (மதுரை)

கைதேர்ந்த பட்டறைக்காரர்கள் செய்வதுண்டு. ஆனால் நூல் முடியும் இடத்திலேயே வார்னிஷ் தொடங்குகிறது. நூல் நைலானாக இருந்தால் உருகி முடிச்சு முடிச்சாகிவிடும். லைட்டரை நண்பரிடமே திருப்பிக் கொடுங்கள்.

● உள்ளங்கை வியர்க்கிறது. கிரிப்பில் டால்கம் பவுடர் போடலாமா? (சென்னை)

கூடாது. பவுடரும் வியர்வையும் சேர்ந்தால் நூலிடுக்கில் சேறு. சின்னத் துண்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

● லினன், தோல், ரப்பர், ஒன்றுமே இல்லாத வழுவழு மரம்: எதைத் தேர்ந்தெடுப்பது? (புதுச்சேரி)

கடலோர ஊரில் ஆடும் உங்களுக்கு என் ஓட்டு லினனுக்கு. ஆளிச்செடி நாரில் திரித்த நூல் அது. வியர்வையை உறிஞ்சும், சீக்கிரம் உலரும். நைலான் வருவதற்கு முன் மீன்பிடித் தூண்டிலுக்கே லினன் நூலையும் பயன்படுத்தினார்கள். தண்ணீரைத் தாங்கிப் பழகிய நூல் அது.

தோல் கைக்கு மெத்தென்று இருக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சிலருக்கு வியர்வை பட்டால் பசபசக்கும். ரப்பர் உறை இறுகப் பிடிக்கும், அதுதான் அதன் குறை. பின்கை க்யூவைத் தொட்டில்போல் தாங்க வேண்டும். இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், அடி கோணும். வெறும் மரம் வறண்ட கைக்காரருக்கு அருமை. நண்பர்களின் க்யூவை வாங்கி ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். உங்கள் கை சொல்வதே தீர்ப்பு.

● வீட்டிலேயே லினன் சுற்ற முடியுமா? எவ்வளவு நூல் வேண்டும்? (திருச்சி)

முடியும், அவசரம் இல்லாவிட்டால். கணக்கை முதலில் பார்ப்போம். கிரிப் பொதுவாக 12 அங்குல நீளம். நூலின் தடிமன் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர், ஆக 400 சுற்று. ஒரு சுற்றுக்கு எட்டரை முதல் ஒன்பது சென்டிமீட்டர். மொத்தம் 35 மீட்டர் போகும். 40 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் முடிச்சுப் போட்டு ஒட்டுவது ஆகாத காரியம்.

பழைய நூலை ஒரு முனையில் மட்டும், பிளேடைப் படுக்கவைத்து அறுத்துப் பிரியுங்கள். கீழே மரத்தில் ஒரு காடி கடைந்திருப்பது தெரியும். நூலின் தடிமனும் அந்தக் காடியின் ஆழமும் ஒன்றாக இருந்தால்தான் கை ஓடும்போது மேடு தட்டாது. அந்தக் காடியை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்! ஆழம் கூடினால் நூல் பள்ளத்தில் போய் உட்காரும். ஒட்டியிருக்கும் பழைய பசையை நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டுங்கள். இருபுறமும் வார்னிஷ் மேல் டேப் ஒட்டி மூடுங்கள்.

இனி சுற்றுவது. வெள்ளை மரப்பசையை இரண்டு அங்குலத்துக்கு மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். மொத்தமும் தடவினால் நீங்கள் வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். நூலின் நுனியைப் படுக்கவைத்து அதன் மேலேயே முதல் ஏழெட்டுச் சுற்றை ஓட்டினால் நுனி மறைந்துவிடும். ஒருவர் க்யூவை உருட்ட, ஒருவர் நூலை விறைப்பாகப் பிடிக்க, வேலை நேராக வரும். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு நகத்தால் நெருக்குங்கள். முடிக்க வேண்டிய இடத்துக்கு எட்டுச் சுற்றுக்கு முன்னால், தனி நூலில் ஒரு வளையம் செய்து படுக்கவைத்து, அதன் மேல் சுற்றிக்கொண்டே போங்கள். கடைசியில் நூலை வெட்டி, அந்த முனையை வளையத்துக்குள் விட்டு இழுத்தால் சுற்றுகளுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். தூண்டில் கம்பில் வளையம் கட்டுகிறவர்களும் இப்படித்தான் முடிக்கிறார்கள்.

பசை காய்ந்ததும் மெல்லிய கஞ்சி தடவி, அரை ஈரத்தில் கரண்டி வைத்தியம். வழுவழுப்பும் பளபளப்பும் இங்கேதான் வருகின்றன, இதற்குச் சோம்பாதீர்கள். கடைசல் பட்டறைக்காரர் தெரிந்தவராக இருந்தால் லேத்தில் மெதுவாகச் சுழலவிட்டு அழுத்தித் தரச் சொல்லலாம். ஆனால் க்யூவின் இணைப்புத் திருகை லேத்தின் பிடியில் மாட்டி இறுக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது வளைந்தால் க்யூவே போச்சு.

● தோல் கிரிப்பின் தையல் வாய் பிளந்துவிட்டது. (ஈரோடு)

தோல் சுருங்கியிருக்கிறது. இடைவெளி மயிரிழை என்றால் பசை வைத்து அழுத்தினால் போதும். அதற்கு மேல் என்றால் புதுத் தோல்தான். க்யூ ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பதால் நேர்ச்செவ்வகமாக வெட்டினால் பொருந்தாது. காகிதத்தைச் சுற்றி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். இரு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக அறுத்தால் வாய்கள் பிசகாமல் கூடும்.

● பேட்மின்டன் கிரிப் டேப்பைச் சுற்றினால்? (சேலம்)

ஒரு போட்டிக்கு ஒப்பேற்றலாம். நிரந்தரமாக வேண்டாம், கையில் மேடு தட்டும்.

● கிரிப்பை மாற்றினால் போட்டியில் க்யூவை ஏற்கமாட்டார்களா? (பெங்களூர்)

தாராளமாக ஏற்பார்கள். உலக பூல் சங்க விதிப்படி க்யூ 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 25 அவுன்சைத் தாண்டக் கூடாது. வழக்கமான க்யூ 18 முதல் 21 அவுன்ஸ்வரை. புது நூல் சுற்றினாலும் அந்த 25 அவுன்ஸ் வரம்பை எட்டவே எட்டாது.

● ஸ்னூக்கர் க்யூவுக்கு ஏன் நூலே சுற்றுவதில்லை? (ஊட்டி)

ஊட்டியிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. 1875-இல் ஜபல்பூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஸ்னூக்கருக்குப் பின்னர் விதிகள் எழுதி மாட்டப்பட்டது உங்கள் ஊர் கிளப்பில்தானே! அந்த ஆட்டத்தில் மரத்தைத் தொட்டே உணர்வது மரபு. அது இன்றுவரை மாறவில்லை. வெற்று மரத்துக்கு உலர்ந்த துணியும் எப்போதாவது சிறிது எண்ணெயும் போதும்.

● அப்பாவின் பழைய க்யூ கிடைத்திருக்கிறது. நூல் கறுப்பாக இருக்கிறது, ஒரு முனை பிரிந்திருக்கிறது. மாற்றினால் மதிப்பு குறையுமா? (நாகர்கோவில்)

தயாரித்தவர் யார் என்று முதலில் தேடுங்கள். புரூக்ளினில் வாழ்ந்த ஜார்ஜ் பாலபுஷ்கா என்ற கலைஞர் 1959 முதல் 1975-இல் மறையும்வரை செய்த க்யூக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐரிஷ் லினன் சுற்றியிருந்தார். 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படம் அவர் பெயரை ஊரறியச் செய்தது. அப்படிப்பட்ட க்யூவைச் சேகரிப்பவர்கள் முதல் நூல் அப்படியே இருக்கிறதா என்று கேட்பார்கள். தயாரிப்பாளர் பெயர் இல்லாவிட்டாலும் அப்பாவின் கை பதிந்த நூல் அது. பிரிந்த முனையை மட்டும் பசை தொட்டுப் படியவையுங்கள், மீதியைத் துடையுங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள், பசை இளகும், மரம் வளையும். துடைத்த பிறகு நூலின் நிறம் என்னவென்று எனக்கு எழுதுங்கள்.