துடுப்புத் துரை

கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் ஊரில், சனிக்கிழமை காலை கடலோரம் வந்து இறங்கும் துடுப்புத் துரையை அடையாளம் காண அதிக நேரம் ஆகாது. காரின் கூரையில் காரைவிடக் கொஞ்சமே குட்டையான ஒரு கயாக் படகு கட்டியிருக்கும். தலைக்கவசம், மிதவை அங்கி, படகின் வாயில் தண்ணீர் புகாமல் மூடுகிற ரப்பர் பாவாடை, மூக்கில் வெள்ளைக் களிம்பு, தலைக்கவசத்தின் உச்சியில் ஒரு சின்னக் கேமரா. ஏரியில் துடுப்புப் போட்டுப் பழகியவர். கடலும் தண்ணீர்தானே என்பது அவருடைய துணிவுக்கு அடிப்படை. கரையில் இவரைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. வண்டி நிறுத்துமிடத்தில் பிறருக்கு வழி விடுவார், காபிக்கடை வரிசையில் பின்னால் நிற்கும் கிழவியை முன்னே போகச் சொல்வார், நாயோடு வருபவரிடம் நாயின் பெயரை விசாரிப்பார். தண்ணீரில் இறங்கி அரை மணி நேரத்துக்குள், அங்கே அலைச்சறுக்குப் பலகையோடு காத்திருக்கும் அத்தனை பேரின் விரோதத்தையும் சம்பாதித்துவிடுவார். கயாக்காரனுக்கு நாகரிகம் கிடையாது என்று பலகைக்காரர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். நாகரிகம் நிறையவே இருந்தும் இப்படி ஆகிறதே, அதற்குக் காரணம் அவர் உட்கார்ந்திருக்கும் படகு என்பது என் கட்சி.

அலைச்சறுக்குப் பலகையில் புதிதாக ஏறுபவரைக் கவனியுங்கள். குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரை வாரித் தள்ளி, அலையின் வேகத்தை எட்ட வேண்டும். எட்டாது. அலை அவரைத் தாண்டிப் போய்விடும். தப்பித்தவறி எட்டினாலும் எழுந்து நிற்பதற்குள் விழுந்துவிடுவார். கவெல்ஸ் என்கிற சாதுவான கடற்கரையில் இப்படிப் பல வாரம் தோற்றபின்தான், பக்கத்திலேயே பெரிய அலை உடையும் ஸ்டீமர் லேனில் தலைகாட்டும் எண்ணமே வரும். தோற்கிற காலத்தில் வேறு வேலை இல்லாததால், யார் முதலில் போகிறார், யார் விட்டுக்கொடுக்கிறார், எங்கே குறுக்கே நிற்கக் கூடாது என்பதெல்லாம் கண்பார்வையிலேயே படிந்துவிடும். துரைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் கையில் இருபுறமும் தட்டையுள்ள துடுப்பு. நாலு வீச்சுப் போட்டால், அலை செங்குத்தாகி உடைவதற்கு வெகு முன்பே, அது வெறும் மேடாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். ஆகவே முதல் நாளே அலை கிடைக்கிறது. கிடைத்ததை என்ன செய்வது என்பதுதான் தெரியாது. பலகை, தெரியாதவரை அலையில் ஏற்றுவதில்லை. கயாக் யாரையும் ஏற்றும்.

ஏற்றியபின் நடப்பதைச் சொல்கிறேன். நுரை பொங்கிப் பின்புறத்தைத் தூக்கியதும் படகின் மூக்கு தண்ணீரில் குத்தும், வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும், படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிடும். பிறகு அது பக்கவாட்டிலேயே கரையை நோக்கி வரும், தன் நீளம் முழுவதையும் அகலமாக விரித்துக்கொண்டு. இந்த நேரத்தில் துரையின் உடம்பு, பயந்த எந்த உடம்பும் செய்கிறபடி, அலையை விட்டு விலகிக் கரைப்பக்கம் சாயும். சாய்ந்த கணமே கவிழும். அலை வருகிற பக்கமே சாய்ந்து, துடுப்பை நுரைமேல் பதித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்தால் படகு நிமிர்ந்து நிற்கும். கையை உயரத் தூக்கினால் தோள்மூட்டு இடம் பெயரும். புத்திக்கு இது ஒரே நாளில் விளங்கிவிடும், உடம்பு ஒப்புக்கொள்ளத்தான் மாதங்கள் ஆகும். போதாததற்கு எடை வேறு. சின்னப் பலகை 3 கிலோ சொச்சம் இருக்கும். பிளாஸ்டிக் கயாக் பல 20 கிலோவைத் தாண்டும், ஆளோடு சேர்த்தால் 100. உள்ளே உட்காரும் வகைப் படகு 200 லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டால் இன்னொரு 200 கிலோ. அலை தள்ளிக்கொண்டு வரும் அந்தப் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்பவர் பாடு திண்டாட்டம். கவிழ்ந்தவரே படகின் கடல்பக்கமாகத்தான் நீந்த வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது அதனால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிரே ஆள் இருக்கிறார், படகு திரும்ப மறுக்கிறது என்றால், செய்யத்தக்க மிக நாகரிகமான காரியம் வேண்டுமென்றே கவிழ்வதுதான். தலைகீழாகத் தொங்கும் உடம்பு தண்ணீரில் இழுபட்டு வேகத்தைக் குறைத்துவிடும். துரையோ, கேமரா ஓடுகிறதே என்று கடைசிவரை நிமிர்ந்தே வருவார்.

ஸ்டீமர் லேன் அருகே அலைச்சறுக்கின் சாலை விதிகளை ஒரு பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அலையில் முதலில் ஏறியவருக்கே உரிமை. வெளியே போகும்போது அலையை ஊடுருவாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பலகையைக் கைவிடக் கூடாது. பிறருக்கு உதவ வேண்டும். துரை இவற்றைப் படித்திருக்கிறார், முதல் விதி அவருக்கு மிகவும் பிடித்தும் இருக்கிறது. “நான்தானே முதலில் ஏறினேன்?” என்பார். எழுத்துப்படி அது உண்மை. அந்த விதியை வகுத்தவர்கள் எல்லோரும் வெறுங்கையால் தண்ணீரைத் தள்ளியவர்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் ஏற முடியும் என்ற நினைப்பில், அலை முதலில் உடையும் முனைக்கு அருகில் இருப்பவருக்கு முன்னுரிமை என்று நடைமுறை வளர்ந்தது. முப்பது மீட்டர் வெளியே துடுப்போடு நிற்பவர் அந்த விதியைப் பேசுவது, நிறுத்தத்துக்கு பஸ் வருவதற்கு முன்பே ஓடிப்போய் ஜன்னல் வழியே துண்டு போட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்களிடம் சட்டம் பேசுவதாகும். துண்டு போட்டவர் ஓர் இடத்தோடு விடுவார். துரை அலை முடிந்ததும் துடுப்பின் தயவில் மற்றவர்களுக்கு முன்பே திரும்பி வந்து, அடுத்த அலைக்கும் தயாராக நிற்பார். திரும்பும் வழி, மற்றவர்கள் சறுக்கி வரும் வழியின் நடுமத்தி. ஒவ்வொருவரையும் கடக்கும்போது மனப்பூர்வமாக “ஸாரி” என்பார். அந்த மன்னிப்புகளை ஒதுங்கிப் போவதில் செலவழித்திருந்தால் ஒருவரும் கோபித்திருக்க மாட்டார்கள்.

கடல் எல்லோருக்கும் பொது இல்லையா என்று கேட்கலாம். பொதுதான். கலிஃபோர்னியாவில் 1976ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டமே பொதுமக்கள் கடலை அணுகும் உரிமையை வலியுறுத்துகிறது. இது எங்கள் அலை, வெளியூர்க்காரன் வரக்கூடாது என்று உறுமும் உள்ளூர்ப் பலகைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அந்த ஊருக்கு இந்த விளையாட்டையே கொண்டுவந்தவர்கள், 1885இல் சான் லொரென்ஸோ ஆற்று முகத்துவாரத்தில் செம்மரப் பலகைகளில் சறுக்கிக் காட்டிய ஹவாய் இளவரசர்கள் மூவர், கலிஃபோர்னியாவுக்குப் படிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள். ஆனாலும் வரும் உரிமை வேறு, வந்தபின் முறை வேறு. சாலை பொது என்பதற்காக லாரியை நடைபாதையில் ஓட்டுவதை யாரும் உரிமை என்று சொல்வதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பலகைக்காரர்களும் ஒரு காலத்தில் புதுக்கருவியின் தயவில் வந்தவர்கள்தானே? ஒப்புக்கொள்கிறேன். காலில் பலகையைக் கட்டும் கயிறு 1970களின் தொடக்கத்தில், இதே சான்டா குரூஸின் பாட் ஓ’நீல் முயற்சியால் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன், பலகையை விட்டவர் கரைவரை நீந்திப் போய் எடுத்துவர வேண்டும்; நீந்தத் தெரியாதவர் அந்தப் பக்கமே வரமாட்டார். கயிறு வந்ததும் பழைய ஆட்கள் அதைக் கத்துக்குட்டிக் கயிறு என்று கேலி செய்தார்கள், அலையில் கூட்டம் பெருகும் என்று முணுமுணுத்தார்கள். பாட்டின் தந்தை ஜாக் ஓ’நீல், குளிர்நீர் அங்கியான ‘வெட்சூட்’ வியாபாரத்தில் உலகப் பெயர் எடுத்தவர், கயிறு இழுத்துத் திரும்பிய பலகை பட்டு ஒரு கண்ணையே இழந்தார். கேலி செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கயிறு இல்லாமல் தண்ணீரில் இறங்குவதில்லை. அப்படியானால் துரையையும் காலம் ஏற்றுக்கொள்ளாதா? ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கயிறு எல்லோர் காலிலும் ஏறியது. துடுப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது. அதனால் வரும் அனுகூலத்துக்கு அவர் ஒருவரே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துடுப்போடு அலையில் இறங்குவதே முறைகேடு என்று வாதிடும் பலகைக்காரர்களுக்கும் பதில் உண்டு. பெருவின் வான்சாக்கோ மீனவர்கள் கோரைப்புல் கட்டிய ஓடங்களில், பிளந்த மூங்கிலைத் துடுப்பாக வீசி, மீனோடு அலைமீது ஏறிக் கரை சேர்வது மிகப் பழைய வழக்கம். நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரக்காரர்களும் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுத்தான் உடையும் அலையைத் தாண்டி வந்திருக்கிறார்கள். திரும்பும்போது பெரிய அலைகள் வரிசையாகப் போகட்டும் என்று வெளியே காத்துக் கிடப்பார்கள். இடைவெளி பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். வந்த அலையை எல்லாம் பிடித்தால் மரமும் போகும், மீனும் போகும் என்று தெரியும். துரைக்குப் போவதற்கு எதுவும் இல்லாததால் எல்லாவற்றையும் பிடிக்கிறார்.

ஆகையால் கயாக்கில் அலையேறக் கற்பவருக்கு முதல் பாடமாக, பிடிக்கக்கூடிய அலையைப் பிடிக்காமல் விடுவதை வைக்க வேண்டும். ஆள் இல்லாத, மணலில் மெதுவாக உடையும், முழங்கால் உயர அலை போதும். குறுக்காகத் திரும்புவது, சாய்வது, கவிழ்வது, கவிழ்ந்தபின் இடுப்பை வெட்டி நிமிர்வது எல்லாவற்றையும் அங்கேயே படித்துவிடலாம். நீளக் கடல் கயாக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, 3 மீட்டருக்குள் அடங்கும், அடியில் மீன்துடுப்புப் போன்ற தகடு வைத்த அலைக்கயாக்குக்கு மாறினால் திருப்பம் கைக்கு வரும். இப்படிப் பழகிய துரைகள் இருக்கிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில், துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, மூன்று அலைகளைத் தலையாட்டி அனுப்பிவிட்டு நாலாவதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அலையையே விட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு என்னதான் மிஞ்சும் என்ற கவலை வேண்டாம். பலகையைத் தூக்கத் தெம்பில்லாத, கொழகொழவென்று சரியும் அலைகள் வாரத்தில் பாதி நாள் வரும். துடுப்புக்கு அதுவே தாராளம். அந்த நாட்களில் பலகைக்காரர்கள் பாறைமேல் காபிக் கோப்பையோடு நின்று, துரை ஒருவரே எல்லா அலையையும் எடுத்துக்கொள்கிறார் என்று ஆத்திரப்படுவார்கள். அதற்கு எந்த விதிப்பலகையிலும் மருந்து இல்லை.